நீலியும் பொந்தியானாக்கும்

டோபி காட் என்னும் பெயரை உச்சரிக்காத சிங்கப்பூரர் இல்லை. மூன்று இரயில் தடங்கள் வந்து கூடும் அந்நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோருள், வண்ணார் துறை என்பதே அப்பெயரின் பொருள் என அறிந்தோர் சிலரே ஆவர். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஓடைநீரில் துணி வெளுத்த இடம் அது. அத்துறையின் அருகே, ஹேண்டி சாலையில், 1939-ஆம் ஆண்டில் கேத்தே மாளிகை எழுந்தது. அம்மாளிகையின் படக்கொட்டகையில் 1957 ஏப்ரல் 27-ஆம் நாள், நோன்புப் பெருநாளை ஒட்டி, ஒரு மலாய்ப் படம் வெளியாயிற்று. படத்தின் பெயர் 'பொந்தியானாக்'.

பொந்தியானாக் என்பது மலாய் மக்கள் அஞ்சும் ஒரு பெண்பேய். மகப்பேற்றின்போது மாண்ட பெண்ணே அவ்வுருக் கொள்கிறாள் என்பது அவர்தம் நம்பிக்கை. நீண்ட கூந்தலும் வெள்ளாடையும் உடையவள், வாழைத் தோட்டத்தில் உறைபவள், குருதி குடிப்பவள். இத்தகைய ஒருத்தியைக் கதைத்தலைவியாக்கிப் பெருநாள் விருந்தாகப் படைத்தனர் என்றால், படமுதலாளிகளின் துணிவை மெச்சத்தான் வேண்டும். அவர்கள் துணிவு வீண்போகவில்லை. மூன்று திங்கள் அளவும் படம் ஓடிற்று. கந்தோனிய மொழியில் குரல் மாற்றப்பெற்று ஹாங்காங்கிற்கும் சென்றது. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்' என்னும் இரண்டாம் பாகமும், 1958-இல் 'சும்பா பொந்தியானாக்' என்னும் மூன்றாம் பாகமும் வந்தன. மூன்றிலும் கதைத்தலைவி கோமெல் என்பவள். அப்பாத்திரத்தை ஏற்றவர் மரியா மெனாடோ. மூன்றையும் இயக்கியவர் பி. என். ராவ்.

இம்மூன்றனுள் இன்று நாம் காணக் கிடைப்பது மூன்றாம் பாகம் ஒன்றே. முதலிரண்டும் இல்லை. சிங்கப்பூரின் பேய்ப்பட வரலாறு முழுவதும் எந்தப் படத்திலிருந்து தொடங்குகிறதோ அந்தப் படத்தை, அவ்வரலாற்றை எழுதுவோருள் பெரும்பாலோர் கண்டதில்லை. பழைய நாளிதழ் விளம்பரங்களையும், கதைச் சுருக்கங்களையும், அந்நாளில் கண்டோரின் நினைவுகளையும், எஞ்சி நிற்கும் மூன்றாம் பாகத்தையும் கொண்டே அவர்கள் எழுதுகின்றனர். இளைய மகளின் முகத்தைப் பார்த்து, மறைந்த தாயின் முகத்தை வரைவது போன்றது இது. அம்முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நம் ஆராய்ச்சி.

முதற்கண் ராவ் அவர்களைப் பற்றிச் சில சொல்லவேண்டும். சிங்கப்பூர்த் தமிழர் அவரை அறவே மறந்துவிட்டனர். ஆயினும் அவர் தமிழ்த் திரைக்குப் புதியவர் அல்லர். என். எஸ். கிருஷ்ணன் நடித்த 'ரம்பையின் காதல்' (1939) அவர் இயக்கியதே. அதே ஆண்டில் வெளிவந்த 'பிரகலாதா'வும் அவருடையதே. 1953-இல் அவர் பெயரைத் தாங்கி மலாய்ப் படங்கள் வரத் தொடங்குகின்றன, பி. ராம்லி நடித்த 'ஹுஜான் பானாஸ்' அவற்றுள் ஒன்று. அப்போது அவர் பணியாற்றியது பாலஸ்டியர் சாலையை அடுத்த ஜாலான் அம்பாஸில், ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிலையத்தில். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவு அது.

அங்கு அவர் தனியாக இல்லை. மலாய்த் திரைக்கு இந்தியர் பலர் நெறியாளராக இருந்த காலம் அது. 1934-இல் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னுன்' படத்தை எடுத்த பி. எஸ். ராஜன்ஸ் தொடங்கி, எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் எனப் பட்டியல் நீளும். சென்னையில் பிறந்து இளமையிலேயே பினாங்கு வந்த எல். கிருஷ்ணன், பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கினார்.

இவ்விந்தியர்களின் பணியைப் பாராட்டும்போது ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அவர்களுள் சிலருக்கு மலாய்மொழி தெரியாது. கதையும் உரையாடலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மலாய் அறிந்தோரால் மொழிபெயர்க்கப்பட்டன. பம்பாயிலும் சென்னையிலும் ஓடிய படங்களின் கதைகளே சட்டை மாற்றிக்கொண்டு கம்பத்து வீடுகளுக்குள் புகுந்தன. 'இவை மலாய் பேசும் இந்தியப் படங்கள்' என்று மலாய் எழுத்தாளர் குறைகூறினர். அக்குறை நியாயமானதே. நம்மவர் செய்தது என்பதற்காக நாம் அதனை மறுக்கவேண்டியதில்லை.

பொந்தியானாக் படங்களை ஆராயும்போது இக்குறைபாட்டையும் மனத்திற்கொள்ளவேண்டும். ஏனெனில், இந்தியக் கதைகளை இறக்குமதி செய்வார் என்று கருதப்பட்ட ஒருவர், மலாய் மண்ணுக்கே உரிய பேயொன்றை எடுத்துக்கொண்டு வெற்றி கண்டார். இதற்கு விளக்கம் எளிது. கதை அவருடையதன்று, எழுதியவர் அப்துல் ரசாக். படம் எடுத்ததும் ஷா நிறுவனம் அன்று. ஹோ ஆ லோக் என்பவரும் லோக் வான் தோ என்பவரும் 1953-இல் கூட்டாக அமைத்த கேத்தே கெரிஸ் நிறுவனம், ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலிருந்த தன் நிலையத்தில் எடுத்தது. ராவ் இடையில் ஷாவை விட்டு அங்கே சென்றிருந்தார்.

முதற் படத்தின் கதை சுருக்கமாக வருமாறு: கோமெல் கூனி, அழகற்றவள், மந்திரம் அறிந்த முதியவர் ஒருவரால் வளர்க்கப்பட்டவள். அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற குறிப்பின்படி மருந்து காய்ச்சி உண்டு பேரழகியாகிறாள். ஆனால் ஒரு விலக்கு உண்டு: குருதியைச் சுவைத்தல் கூடாது. மணம் புரிகிறாள், வாழ்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் உயிரைக் காக்கவேண்டி நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள். நஞ்சோடு குருதியும் நாவிற்படுகிறது. பொந்தியானாக் ஆகிவிடுகிறாள்.

கணவனைக் காத்த செயலே அவளைப் பேயாக்கியது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அன்பு வேறு, அழிவு வேறு என்று பிரித்தெடுக்க முடியாதபடி கதை பின்னப்பட்டிருக்கிறது. மலாய் மரபுக் கதைகளில் பொந்தியானாக் பிறக்கும் வழி இதுவன்று. இங்கே நமக்கு ஓர் ஆசை தோன்றுகிறது. 'ரம்பையின் காதல்' படத்திலும் தேவமங்கை ஒருத்தி சாபத்தால் மண்ணுலகில் சிலையாகி, மானிடன் ஒருவனுடன் பிணைக்கப்படுகிறாள். நிபந்தனைக்குட்பட்ட அழகு, மீறினால் கேடு என்னும் கதைப்போக்கை ராவ் தமிழ்த் திரையிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம்; ஆனால் மெய்ப்பிக்க இயலாது. கதாசிரியர் வேறொருவர் என்பதும், படமே இல்லை என்பதும் நம் வாயை அடைக்கின்றன. இத்தகைய இடத்தில் ஆசையை அடக்குவதே ஆராய்ச்சியாளர் கடன்.

சுவையான செய்தி ஒன்று. இப்படத்தில் சாத்தே விற்பவனாக வந்து பாடிய நடிகருக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. வாஹிட் சாத்தே என்று இறுதிவரை அழைக்கப்பட்டார். பேய்ப்படத்தில் நகைச்சுவைக்கு இருந்த இடத்தை இஃது உணர்த்தும்.

நிற்க. பொந்தியானாக் பற்றிய எழுத்துச் சான்றுகளைத் தேடிச் சென்றால், அங்கும் தமிழ்த் தொடர்புடைய ஒருவர் நம்மை எதிர்கொள்கிறார். மலாய் உரைநடைக்குத் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா, ஏமன் நாட்டு அரபியும் நாகூர்த் தமிழ்ப்பெண்ணும் மணந்த குடியில் வந்தவர். மலாக்காவில் தமிழும் கற்றவர். 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியான தம் வரலாற்று நூலில், மலாக்காவில் பாதிரியார் மில்ன் கேட்டதற்கிணங்க மலாய்ப் பேய்களைப் பற்றித் தாம் விளக்கியதைக் குறிக்கிறார். படம் வரைந்தும் காட்டினாராம். அப்துல்லா இவற்றை நம்பியவர் அல்லர். அறியாமை என்று கடிந்தவர். ஆயினும் அவர் கடிந்து எழுதியதனால்தான் அந்நாளைய நம்பிக்கைகள் நமக்குத் தெரியவருகின்றன.

1900-இல் மலாய் மாந்திரிகம் பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் மேலும் விரிவாகக் கூறுகிறார். அவர் குறிப்பின்படி மகப்பேற்றில் மாண்ட தாய் 'லங்சுயர்' ஆவாள். இறந்து பிறந்த குழவியே 'பொந்தியானாக்'. பிற்காலத்தில், சிறப்பாகத் திரையில், இரண்டும் ஒன்றாகிவிட்டன. இறந்தவள் பேயாகாதிருக்கப் பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளும், அக்குளில் கோழி முட்டையும், உள்ளங்கையில் ஊசியும் வைப்பராம். வாய் திறந்து அலறாமலும், கையை விரித்துப் பறக்காமலும் இருத்தற்கு இவை. பேயாகிவிட்டவளையும் அடக்கலாம். அவள் நகத்தையும் கூந்தலையும் வெட்டிப் பிடரியிலுள்ள துளையில் அடைத்தால் அவள் மனையாளாவாள், மக்களையும் பெறுவாள். பின்னர் ஊர்த் திருவிழாவில் ஆடத் தொடங்கினால் பழைய உருக்கொண்டு காட்டுக்குப் பறந்துவிடுவாள். திரைப்படங்களில் கூந்தலுக்குப் பதிலாக இரும்பாணி வந்தது. ஆணி அறைந்திருக்கும்வரை பெண், பிடுங்கினால் பேய்.

தமிழர்க்கு இச்செய்திகள் புதியனவா? பிள்ளை வயிற்றிலிருக்க இறந்த பெண்ணுக்காக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்கப்படாத சுமையோடு சென்றவள் அவள். அவள் பொருட்டு வழிப்போக்கர் தம் சுமையை இறக்கி வைத்தால் அவள் ஆவி அமைதியுறும் என்பது கருத்து. மலாய் மக்கள் அவள் கையில் ஊசி வைத்தனர். நம்மவர் அவள் பெயரால் கல் நாட்டினர். இரண்டிற்கும் அடியில் இருக்கும் துயரம் ஒன்றே. பேறுகாலத்தில் பெண்கள் மிகுதியாக இறந்துபட்ட காலத்தில், எந்த ஊரும் அந்தத் துயரத்தை மறந்து உறங்கியிருக்க இயலாது.

ஆயினும் பொந்தியானாக்கிற்கு நேரான தமிழ்ப்பெண் சுமைதாங்கிக்கு உரியவள் அல்லள். பழையனூர் நீலியே ஆவாள். கணவனால் கொலையுண்டு, பேயாய்ப் பிறந்து, மறுபிறப்பில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து, அவன் மனைவி உருக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் அழுது வழக்குரைத்தவள் அவள். வணிகனிடம் மந்திர வாள் ஒன்று இருந்தது. அதை அவனிடமிருந்து நீக்கச் செய்து, அன்றிரவே அவனை முடித்தாள். அவனுக்குப் பிணையாக உயிரைச் சொன்ன வேளாளர் தீப்பாய்ந்தனர். சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இச்செய்தியைச் சுட்டுகிறார். 'நீலிக்கண்ணீர்' என்று நாம் இன்றும் வழங்குவது அவள் அழுததைத்தான். அங்கே வாள், இங்கே ஆணி. இரும்புக்குப் பேய் அஞ்சும் என்னும் எண்ணம் இரு கதைகளுக்கும் பொது.

நீலி என்னும் பெயர் சிலப்பதிகாரத்திலும் வருகிறது. முற்பிறப்பில் கோவலனால் காட்டிக்கொடுக்கப்பட்டு மடிந்த சங்கமன் என்னும் வணிகனின் மனைவி, சாபமிட்டு மலையிலிருந்து வீழ்ந்தாள்; அவள் பெயர் நீலி. சங்கமன் மடிந்த ஊர் சிங்கபுரம். (அன்பர்கள் அவசரப்பட வேண்டா, அது கலிங்க நாட்டுச் சிங்கபுரம், நம் ஊர் அன்று.)

இனி மூன்றாம் பாகத்திற்கு வருவோம். 'சும்பா' என்னும் மலாய்ச்சொல்லுக்குச் சாபம் என்றும் பொருள். சபதம் என்றும் பொருள். வடமொழியிலும் சாபம், சபதம் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையே. படத்தின் பெயரை விளம்பரக்காரர் சாபம் என்றே ஆங்கிலத்தில் பெயர்த்தனர். படத்தைப் பார்த்தால் மற்றப் பொருளும் பொருந்தும் போலத் தோன்றுகிறது. ஏனெனில் இப்படத்தில் கோமெல் ஊரை அழிக்கும் பேயல்லள். மகளைத் தேடிக் காக்கும் தாய். ஊராரை அச்சுறுத்தும் வேறு கோரவுருவங்கள் கானகத்திலிருந்து வருகின்றன. அவற்றை எதிர்த்து நிற்பவள் அவளே. ஊரார்க்கோ அவளிடமும் அச்சம். காப்பவளையே அவர்கள் துரத்துகின்றனர்.

முதற் பாகத்தில் அன்பினால் பேயானாள். இரண்டாம் பாகத்தின் பெயரே 'பழிவாங்கல்'. மூன்றாவதில் காவற்பெண்டு. இம்மாற்றத்திற்கு வணிகக் காரணமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரே நடிகையை மூன்றாம் முறையும் கொண்டுவர வேண்டும். மக்கள் அவள்பால் இரக்கம் கொண்டுவிட்டனர். ஆகவே அவளை நல்லவளாக்கி, தீமைக்கு வேறு பூதங்களைத் தேடினர். தொடர்கதை எழுதுவோர் அனைவரும் அறிந்த சூழ்ச்சி இது. முதற் பாகத்தில் அஞ்சப்பட்டவர் மூன்றாம் பாகத்தில் துணைக்கு வருவார். ஆயினும் மலாய்க் கதைமரபில் அடக்கப்பட்டு மனையாளாகிய லங்சுயரும் தாயாக வாழ்ந்தவளே என்பதை நோக்க, கதாசிரியர் வழி தவறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

நீலிக்கும் இதுவே நேர்ந்தது. பழையனூரில் வஞ்சம் தீர்த்தவளைச் சமணப் புலவர் ஒருவர் 'நீலகேசி' என்னும் காப்பியத்தின் தலைவியாக்கினார். சுடுகாட்டில் தவம் செய்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்த நீலி வருகிறாள், அவர் அஞ்சவில்லை, அவரிடமே அறங்கேட்டு மாணாக்கியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். பேயின் இரண்டாம் பாகம் தத்துவ வாதம் ஆகிவிட்டது! கோமெலுக்கு அந்த அளவு உயர்வு கிட்டவில்லை. ஆனால் திசை ஒன்றே.

ஒப்புமை இத்தோடு நிற்கவில்லை. நீலகேசி எழுந்ததே நாதகுத்தனாரின் 'குண்டலகேசி' என்னும் பௌத்த காப்பியத்தை மறுத்தற்கு. குண்டலகேசி இன்று இல்லை. புறத்திரட்டு முதலியவற்றிலிருந்து திரட்டிய பத்தொன்பது செய்யுட்களே எஞ்சின. மற்றபடி அந்நூலைப் பற்றி நாம் அறிவதெல்லாம், அதை மறுக்கப் பிறந்த நீலகேசியும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் வரைந்த உரையும் காட்டுவனவே. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதனைப் பதிப்பித்திராவிடில் அவ்வளவும் நமக்குக் கிடைத்திராது. பின்வந்த நூல் நிற்க, முன்வந்த நூல் அழிந்தது. பின்னதன் வாயிலாகவே முன்னதை ஊகிக்கிறோம். அவ்வூகத்தில் எத்துணை இடர்ப்பாடு உண்டு என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். எதிராளி எடுத்துக்காட்டிய வரிகளைக் கொண்டு ஒரு நூலின் உள்ளத்தை அளக்கமுடியுமா? மூன்றாம் பாகத்துக் கோமெல் இரக்கத்துக்குரியவள் என்பதனால், முதற் பாகத்துக் கோமெலும் அவ்வாறே காட்டப்பட்டாள் என முடிவு கட்டுவோர் இதனை எண்ணவேண்டும்.

முதலிரண்டு படங்களும் எவ்வாறு மறைந்தன? ஓலைச்சுவடி செல்லரித்துப் போனதற்கு நாம் காலத்தைப் பழிப்போம். இங்கே அவ்வாறு பழிக்க வழியில்லை. ஹோ ஆ லோக் கேத்தே கெரிஸ் நிறுவனத்தினின்று பிரிந்து கோலாலம்பூர் சென்று, அங்கு மெர்டேக்கா பட நிலையத்தைத் தோற்றுவித்தார். தம்மிடமிருந்த சுருள்களை அவர் பின்னாளில் ஈயச் சுரங்கக் குட்டையொன்றில் எறிந்துவிட்டார் என்பது திரை வரலாற்றாளர் வழங்கும் செய்தி. அவரைக் கொடியவராகக் காட்ட நாம் விரும்பவில்லை. ஓடி முடிந்த படம் அந்நாளில் இடத்தை அடைக்கும் தகரப் பெட்டியே. மறுபடியும் காசாகும் என்று எவரும் எண்ணவில்லை. அக்குட்டையில் மூழ்கியவற்றின் விலையைப் பிற்காலத்தார் அறிந்தனர்.

எஞ்சிய கதையை விரைந்து சொல்லலாம். வெற்றியைக் கண்ட ஷா நிறுவனம் 1958-இலேயே 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. இயக்கியவர் பிலிப்பைன்ஸ் நாட்டு ரமோன் எஸ்தெல்லா. அதே ஆண்டில் எல். கிருஷ்ணன் கேத்தே கெரிஸுக்காக 'ஓராங் மிஞ்ஞாக்' எடுக்க, பி. ராம்லி ஷாவுக்காக 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தார். 1963-இல் 'பொந்தியானாக் கெம்பாலி' வந்தது. 1964-இல் ராவ் மீண்டும் 'பொந்தியானாக் குவா மூசாங்' எடுத்தார். இம்முறை மரியா மெனாடோ இல்லை. அவ்வாண்டு ஜூன் 20-ஆம் நாள் லோக் வான் தோ தைவானில் விமான விபத்தில் இறந்தார். ஜாலான் அம்பாஸ் 1967-இல் மூடப்பட்டது. கேத்தே கெரிஸ் 1972-இல். அதன்பின் பேய் திரையைவிட்டு நெடுங்காலம் விலகியிருந்து, 1989-இல் ரஸ்ஸல் லீயின் ஆங்கிலப் பேய்க்கதை நூல்வரிசையில் புகுந்து, இருபது பாகங்களுக்கு மேல் அங்கே குடியிருந்தது. 2019-இல் 'டெண்டாம் பொந்தியானாக்' என்னும் பழைய பெயரிலேயே புதுப்படம் ஒன்று வந்தது. அதைக் கண்ட இளைஞருள் எத்தனை பேர், அப்பெயருக்கு உரிய முதற்படம் ஒன்று இருந்ததென அறிந்திருப்பர்?

கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்களுள் எஞ்சியவை 91. ஆசியத் திரைப்படக் காப்பகம் அவற்றைப் பேணி வருகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் அத்தொகுதி இடம்பெற்றது. 'சும்பா பொந்தியானாக்' இன்று நம் கண்ணுக்குக் கிட்டுவது இத்தகைய பேணுதலால்தான்.

இனி ஒன்று. முதற் படம் கந்தோனிய மொழியில் குரல் மாற்றப்பெற்று ஹாங்காங் சென்றது என்று மேலே கூறினோம். சென்ற பிரதி திரும்பி வந்ததா, அங்கேயே தங்கிற்றா என்பதை ஆராய்வோர் இதுகாறும் தேடிய இடங்களோடு அந்நகரத்துப் பழைய விநியோகக் கிடங்குகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குண்டலகேசியின் வரிகள் அதனைப் போற்றியோர் வீட்டில் அகப்படவில்லை. மாற்றுச் சமயத்தார் உரையிலேயே அகப்பட்டன. கோமெலும் வேறு மொழி பேசிக்கொண்டு எங்கேனும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கக்கூடும்.